மூட்டு வீங்கிய பிள்ளை ஓடி விளையாடலாமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்து டீயும் குடிச்சாச்சு. இனி கொஞ்ச நேரம் எங்களுக்குக் கொடுங்க. சுகாதாரக் குழு எழுந்தால் இரத்தசோகை, கர்ப்பப்பை, சர்க்கரை என்றுதான் பேசும் என்று நினைத்திருப்பீங்க. இன்றைக்கு அது இல்லை. பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதம் பற்றியும், அந்தப் பிள்ளைகள் ஓடலாமா, ஆடலாமா என்பது பற்றியும் பேசப் போகிறோம்.

"வாதமா? பிள்ளைக்கா? அது அம்பது வயசுக்கு மேல வர்றதாச்சே!" என்று பின்னாடி ஒரு அக்கா சொல்றது காதில் விழுது. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் 16 வயது முடிவதற்கு முன்னாலேயே, ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூட மூட்டுவாதம் வரும். 1897லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பல நாடுகளில் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற அளவில் கணக்குச் சொல்கிறார்கள். நம்ம ஊராட்சிகளை எல்லாம் சேர்த்துப் பாருங்க, அதில் சில பிள்ளைகள் இருப்பாங்க. வெளியே தெரியாது, ஏனென்றால் வீட்டுக்குள்ளே இருப்பாங்க.

இந்த நோய் ஏன் வருகிறது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் உறுதி. பெற்றவங்க செய்த தப்பால் வருவதில்லை, ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. நம் உடம்புக்குள் நோய்க்கிருமியை எதிர்க்க ஒரு காவல் இருக்கிறது. வீட்டைக் காக்க வேண்டிய நாய் வீட்டுக்காரரையே கடித்தால் எப்படி இருக்கும்? அப்படி அந்தக் காவலே மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, நீர் கோர்த்து, மூட்டு வீங்குகிறது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல் என்று எங்கேயும் வரலாம். நம்ம நாட்டில் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் வலியாக ஆரம்பிக்கும் ஒரு வகையும் நிறையக் காணப்படுகிறது.

காலையில் எழுந்ததும் பிள்ளை நொண்டும், இறுகிப்போய் இருக்கும். பத்து மணிக்கு மேல் தேறிவிடும். "ஸ்கூல் போற நேரத்துக்கு மட்டும் நொண்டுது, பத்து மணிக்கு ஓடுது, நடிக்குது" என்று அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு. அது நடிப்பு இல்லை. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு இறுகிவிடுகிறது, அசைய அசைய இளகுகிறது. இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்த முழு விஷயமும் இந்த ஒரு அடையாளத்திலேயே இருக்கிறது.

மூட்டு வீங்கிய பிள்ளையை என்ன செய்கிறோம்? படுக்க வைக்கிறோம். முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறோம். தூக்கிக்கொண்டு போய் பல் விளக்கி விடுகிறோம். ஸ்கூலுக்கு அனுப்புவதில்லை, அனுப்பினாலும் விளையாட்டு பீரியடில் மரத்தடியில் உட்காரச் சொல்கிறோம். எல்லாம் பாசம்தான். அந்தக் காலத்து டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். படுக்கையில் வை, பட்டை கட்டி அசையாமல் வை என்பதுதான் ரொம்ப வருஷம் வைத்தியமாக இருந்தது. அதனால் நம்ம அப்பத்தா "கால ஆட்டாம படு" என்று சொன்னால் அவங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை.

எலும்பு முறிந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்திருப்பீங்க. ஒன்றரை மாதம் கழித்துப் பிரித்தால் அந்தக் கால் எப்படி இருக்கும்? சூம்பிப் போய், மடக்க வராமல், அடுத்த காலில் பாதி இருக்கும். நல்ல காலுக்கே அந்தக் கதி. வாதம் வந்த முழங்காலை மாசக்கணக்கில் மடக்கியே வைத்திருந்தால் தொடைச் சதை கரைந்துவிடும், பின்னால் இருக்கும் நரம்பும் தசையும் சுருங்கி, முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடும். பிறகு வீக்கம் வடிந்தாலும் கால் நிமிராது. வாதம் பாதி முடக்குது, படுக்கை மீதி முடக்குது.

மூட்டுக்குள் எலும்பு முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரில் இருந்துதான் அதற்குச் சத்துப் போக வேண்டும். துணியைத் தண்ணியில் முக்கி, பிழிந்து, மறுபடி முக்குவது போல, மூட்டு அசையும்போதுதான் அந்தச் சத்து உள்ளே போய் வருகிறது. அசையவில்லை என்றால் பட்டினி.

எலும்பு விஷயம் நமக்குச் சுலபமாகப் புரியும். எலும்பும் ஒரு சேமிப்புக் கணக்குதான். பிள்ளைப் பருவத்திலும் வயசுக்கு வரும் பருவத்திலும் போடுகிற சேமிப்பில்தான் கடைசிவரை சாப்பிட வேண்டும். ஓடி, குதித்து, நடந்து, உடம்பு எடையைக் கால் தாங்கும்போதுதான் அந்தக் கணக்கில் பணம் ஏறும். வாதம் வந்த பிள்ளைக்கு நோயாலும் குறையும், ஸ்டீராய்டு மருந்து ரொம்ப நாள் எடுத்தால் அதனாலும் குறையும். படுத்தே கிடந்தால் மூன்றாவது ஓட்டையும் போட்ட மாதிரி.

ஒரு வட்டாரத்தில் நாங்கள் பார்த்த பெண் பிள்ளையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஆறாவது படித்தாள், ஒரு முழங்கால் வீங்கியது. அவங்க அம்மா குழுவில் கடன் வாங்கி மூன்று இடத்தில் எண்ணெய்க் கட்டுப் போட்டாங்க. பத்து மாதம் பிள்ளை கட்டிலை விட்டு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. "நாளைக்கு யார் கட்டிக்குவா" என்ற பயம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து தொடங்கியதும் இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் நடை வரவில்லை. கால் நிமிரவில்லை, நின்றால் கால் நடுங்கியது. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி வேலை பயிற்சிக்கு. தினம் இரண்டு வேளை, அழுதுகொண்டே ஆரம்பித்து, அஞ்சு மாசம் ஆச்சு. இப்போது சைக்கிளில் ஸ்கூல் போகிறாள். முழங்கால் இன்னும் முழுசாக நிமிரவில்லை, ஒரு விரல்கடை பாக்கி இருக்கிறது. முதல் மாதத்திலேயே தொடங்கியிருந்தால் அந்தப் பாக்கி இருந்திருக்காது என்று பயிற்சி கொடுத்தவங்க சொன்னாங்க.

பயிற்சி செய்தால் நோய் கூடிவிடாதா என்ற பயம் வரும். வெளிநாடுகளில் பிள்ளைகளை இரண்டு பிரிவாக வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2008ல் அப்படிப்பட்ட மூன்று ஆய்வுகளை, 200க்கு மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியால் யாருக்கும் நோய் கூடவில்லை. சில மாதங்களுக்குள் பெரிய முன்னேற்றமும் தெரியவில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த சில ஆய்வுகளில் வலி குறைந்ததும் நடமாட்டம் தேறியதும் தெரிந்திருக்கிறது. ஆக, பயிற்சி மந்திரம் இல்லை, மருந்துக்குப் பதிலும் இல்லை. ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷம் உடம்பு சூடாகும்படி ஓடி ஆட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உடல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் அதேதான், அவரவர் முடிந்த அளவுக்கு.

சரி, எப்போது எவ்வளவு? இதுதான் தாய்மாருக்குத் தெரிய வேண்டியது.

மூட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்க. சூடாக, வீங்கி இருந்தால் அன்றைக்குக் குதிப்பது, ஓடுவது, பாரம் தூக்குவது வேண்டாம். அதற்காகப் படுக்கவும் வேண்டாம். வலிக்காத அளவுக்கு மெதுவாக மடக்கி நீட்டட்டும், வீட்டுக்குள் நடக்கட்டும். காய்ச்சல் அடித்தால் மட்டும் ஓய்வு. சூடும் வீக்கமும் இல்லை என்றால் விடுங்க, விளையாடட்டும். விளையாடிய பிறகு கொஞ்சம் வலிக்கும், நமக்கும் நாற்று நட்ட அன்று வலிக்கத்தானே செய்கிறது. அந்தக் கூடுதல் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுநாள் கொஞ்சம் குறைத்துச் செய்யணும். குறைக்கத்தான் சொன்னோம், நிறுத்தச் சொல்லவில்லை.

காலை இறுக்கத்துக்கு வெந்நீர் நல்ல தோழி. ஸ்கூல் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எழுப்பி, பாயில் படுத்தபடியே கை கால் அசைக்கச் சொல்லி, பிறகு சூடு பொறுக்கிற வெந்நீரில் குளிப்பாட்டுங்க. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டில் சுற்றியும் வைக்கலாம். இளகிய பிறகு பயிற்சி செய்தால் அழுகை பாதி குறையும்.

முழங்காலுக்கு: கால் நீட்டி உட்கார வைத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்க. முழங்காலின் பின்பக்கத்தைத் தரையை நோக்கித் தானாக அழுத்தி, அஞ்சு எண்ணும் வரை பிடித்து விடணும். பத்துத் தடவை. தொடைச் சதை இறுகுவது கண்ணுக்குத் தெரியும். குப்புறப் படுப்பதும் நல்ல பயிற்சி. இடுப்பும் முழங்காலும் தானாக நிமிரும். டிவி பார்க்கும்போது, வீட்டுப்பாடம் எழுதும்போது பதினைந்து இருபது நிமிஷம் குப்புறப் படுக்கச் சொல்லுங்க, அதைப் பயிற்சி என்றே பிள்ளை நினைக்காது. ராத்திரி முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்க. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியே போகும்.

மணிக்கட்டுக்குக் கும்பிடு போடுவதே பயிற்சி. நெஞ்சுக்கு முன்னால் உள்ளங்கைகளைச் சேர்த்து, முழங்கையை மெதுவாகப் பக்கவாட்டில் உயர்த்தணும். விரலுக்குச் சப்பாத்தி மாவு பிசையட்டும், களிமண்ணில் பொம்மை செய்யட்டும். அஞ்சாங்கல்லும் பல்லாங்குழியும் விரலுக்கு எவ்வளவு வேலை கொடுக்கும் என்று நமக்குத் தெரியும். தோளுக்குத் தன் தலையைத் தானே வாரிப் பின்னட்டும், கொடியில் துணி காயப்போடட்டும்.

எல்லாவற்றிலும் நல்லது சைக்கிளும் நீச்சலும். உடம்பு எடை மூட்டில் விழாமலே சதை வலுவாகும். சைக்கிள் சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் முழங்கால் அதிகம் மடங்காது. கிணற்றிலோ குளத்திலோ நீந்துவது என்றால் பெரியவங்க யாராவது கூட இறங்கணும், அதிகாலைக் குளிரில் வேண்டாம், வெயில் ஏறிய பிறகு போகட்டும். எலும்புச் சேமிப்புக்கு நடையும் வேண்டும், நோய் அடங்கி இருக்கும்போது ஸ்கிப்பிங், பாண்டி ஆட்டமும் வேண்டும். கபடி மாதிரி மோதி விழும் ஆட்டத்துக்கும், தலைகீழாக நிற்பது, குட்டிக்கரணம் போடுவதற்கும் முதலில் டாக்டரைக் கேளுங்க. கழுத்து மூட்டில் வாதம் இருக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சில வீடுகளில் பெண் பிள்ளை விளையாடப் போனால் "மூட்டு வலி, உட்காரு" என்கிறார்கள். தண்ணி லாரி வந்தால் அதே பிள்ளை இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். பாரம் தூக்குவது பயிற்சி கிடையாது சகோதரிகளே. குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாத்திரம் தேய்ப்பதும் கிடையாது. சின்னச் சின்ன வேலை கொடுங்க, அது நல்லது, ஆனால் விளையாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காதீங்க. பையனைத் தெருவுக்கு அனுப்பி, பெண்ணை அடுப்படிக்கு அனுப்புகிற கணக்கை வாதத்தின் பேரில் எழுத வேண்டாம்.

வீங்கிய மூட்டை மற்றவர்கள் பிடித்து இழுத்து மடக்கக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தி நீவக் கூடாது. இறுக்கிக் கட்டி மாசக்கணக்கில் வைக்கக் கூடாது. பெயர் தெரியாத பொடி, பொட்டலம் வாங்கிக் கொடுத்து மூன்றே நாளில் பிள்ளை எழுந்து ஓடினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்க. இப்படி விற்ற சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது.

மருந்து பற்றிச் சுருக்கமாக. மருந்து இல்லாமல் பயிற்சி மட்டும் போதாது. உள்ளே நெருப்பு எரியும்போது மேலே ஆட்டிப் பயனில்லை. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை நிறையப் பிள்ளைகளுக்கு எழுதுவாங்க. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. தினம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்க. வீக்கம் வடிந்ததும் நாமாக நிறுத்தவும் கூடாது, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இன்னொன்று கண். இந்த நோய் சில பிள்ளைகளுக்கு, அதிலும் சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு, கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கும். சிவக்காது, வலிக்காது, ஆனால் பார்வை போகும். கண் டாக்டர் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் பார்த்தால்தான் தெரியும். சில பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கே போவது? பிள்ளையின் மூட்டு வீங்கி இரண்டு வாரம் ஆகியும் வடியவில்லை என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. தொண்டைவலிக்குப் பிறகு வலி ஒரு மூட்டு விட்டு ஒரு மூட்டு தாவினால் அது இதயத்தைத் தாக்கும் வாதக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரே நாளில் ஒரு மூட்டு வீங்கி, கடும் காய்ச்சலோடு அசைக்கவே முடியவில்லை என்றால் சீழ் பிடித்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது, சீழ் சந்தேகம் என்றால் அன்றே போகணும். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகள் மூட்டுவாதத்தைப் பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போய், எதெதற்குச் செல்லும் என்று அங்கேயே கேளுங்க. பயிற்சிக்கு ஒவ்வொரு தடவையும் சென்னை போக வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்வித் திட்டத்தின் கீழ் பிசியோதெரபி கொடுப்பவர் வருவார், எந்த நாளில் என்று ஹெச்.எம்.மிடம் கேளுங்க. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிசியோதெரபி உண்டு, சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்க.

பேசி முடித்ததும் ஒரு அக்கா எழுந்து, "தயிர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாம் வாயுன்னு நிறுத்திட்டோம், சரிதானே?" என்று கேட்டாங்க. இந்த நோய்க்கு அப்படி எந்தச் சாப்பாடும் காரணம் என்று தெரியவில்லை. பாலையும் தயிரையும் நிறுத்தினால் எலும்புக்குப் போகிற சுண்ணாம்புச் சத்துதான் நிற்கும். கேழ்வரகு, முட்டை, கீரை, பால், தயிர் எல்லாம் கொடுங்க.

இன்னொரு தங்கச்சி, "பி.டி. சார் என் பையனைச் சேர்த்துக்க மாட்டேங்கிறார், ஏதாவது ஆனா யார் பதில் சொல்றதுன்னு பயப்படுறார்" என்றாங்க. அவர் பயமும் நியாயம்தான். அவருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்க. எழுதத் தெரியாதவங்க குழுவின் கணக்காளரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கலாம். டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்து வையுங்க. இப்படி எழுதலாம்:

"ஐயா, என் பிள்ளைக்கு மூட்டுவாதம் இருக்கிறது. மருத்துவம் பார்த்து வருகிறோம். விளையாட்டு பீரியடில் மற்ற பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். மூட்டு வீங்கிய நாட்களில் நோட்டில் எழுதி அனுப்புவோம், அன்று ஓட்டமும் குதிப்பும் வேண்டாம், நடக்கவும் கை கால் அசைக்கவும் விடவும். மற்ற நாட்களில் முடிந்தவரை விளையாடட்டும், முடியவில்லை என்று பிள்ளையே சொன்னால் உட்கார அனுமதிக்கவும். வகுப்பில் தரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க விடவும். காலையில் இறுக்கத்தால் சில நாள் தாமதமாக வந்தால் வெளியே நிறுத்த வேண்டாம்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம உறுப்பினர்கள் நிறையப் பேர் இருக்கீங்க. அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து போகிற கழிப்பறை ஒன்றாவது நம்ம பள்ளிக்கு வேண்டும் என்று கேளுங்க. முழங்கால் மடக்க முடியாத பிள்ளை சாயங்காலம் வரை தண்ணி குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிறது.